துக்க வீட்டில் காளான் குழம்பு

யுத்த காலத்தில், ஐப்பசி அடைமழையில், என் அய்யா போய்ச் சேர்ந்தார். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். காரியம் முடியும்வரை வீட்டில் கவிச்சி ஆகாது. ஆத்தாவோ கஞ்சியைக்கூடத் தொடவில்லை. எங்கள் ஊர் கோச்சடைக்கு மேற்கே. நான் மதுரையில் மில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தவன். ஒரே பிள்ளை. ஆத்தாவையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்துபோனேன்.

ஆத்தாவுக்குக் காளான் என்றால் உயிர். மழை விட்ட காலையில் அய்யா போய்ப் புற்றோரம் முளைத்ததைப் பறித்து, துண்டில் முடிந்துகொண்டு வருவார். காளான் கவிச்சியில் சேர்த்தியில்லை என்று நானும் போனேன். புற்றில் நாலைந்துதான் கிடைத்தது. திரும்பும் வழியில், மாட்டுக்கிடை போட்டிருந்த தரிசில், பழைய சாணியின் மேல் ஏராளமாக முளைத்து நின்றன. கிள்ளிய இடம் நீலம் பாரித்தது; புற்றுக் காளான் அப்படி ஆகாது. பார்த்தேன். பார்த்தும் துண்டில் போட்டேன். டவுனில் இருப்பவனுக்குத் தெரியாதது உண்டா என்ற நினைப்பு.

அரைகுறையாக நானே குழம்பு வைத்தேன். ஆத்தாவுக்குப் பரிமாறிவிட்டு நானும் தட்டைப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்கய்யா மாதிரியே துண்டுல கட்டிக் கொண்டாந்திருக்க" என்றாள். தட்டை வழித்துச் சாப்பிட்டாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

முதலில் கொட்டாவி வந்தது. கொஞ்சம் குமட்டல். பிறகு பார்த்தால் சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுகிறது. உறியில் தொங்கிய சட்டி என்னைப் பார்த்துத் தலையாட்டியது. நான்தான் முதலில் சிரித்தேன். என்னைப் பார்த்து ஆத்தாவும் சிரித்தாள். அய்யா செத்ததே மறந்துபோனது. அந்த நேரத்தில் உலகத்தில் எல்லாரையும் எனக்குப் பிடித்திருந்தது, அத்தையைக்கூட.

அத்தை என்றால் அய்யாவின் அக்கா. எங்கள் பக்கம் துக்கம் கேட்க வரும் பெண்கள் தெருமுனையிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிடுவார்கள். தாலி இழந்தவள் எழுந்துபோய் அவர்களைக் கட்டிக்கொண்டு அழவேண்டும். அத்தை ஒப்பாரி வைப்பதில் கெட்டிக்காரி. வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டு, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்தபடியே அழுவாள். அய்யா அதை நடித்துக் காட்டி ஆத்தாவைச் சிரிக்கவைப்பது வழக்கம்.

அன்று மத்தியானம் அத்தை தன் புருசன் வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆத்தா எழுந்துபோய்க் கட்டிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அத்தை விலகிப் பார்த்தால், ஆத்தா சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிக்கிறாள். ஒப்பாரி நின்றுபோனது.

அந்த அமைதியில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முகங்களெல்லாம் பெரிதாகி என்மேல் கவிந்தன. ஆத்தாவுக்கு விஷம் கொடுத்துவிட்டேன், இதோ சாகப்போகிறாள் என்று நெல் குலுக்கைக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டேன். அப்புறம் அழுகை வந்தது. சுடுகாட்டில் வராத அழுகை. அய்யாவுக்கு நான் செய்யாததெல்லாம் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றது. பெண்கள் என் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். ஆத்தா பக்கம் ஒருத்தியும் போகவில்லை. அவள் வாசலைப் பார்த்துப் புன்னகைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாயத் தெளிந்துவிட்டது. மீந்த காளானைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரிடமும் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. அத்தை கேட்டாள்:

"நீயுந்தான தின்ன? நீ அழுதியேப்பா. அவ சிரிச்சாள்ல?"

நானும் சிரித்தேன் என்றால் யார் காதிலும் ஏறவில்லை. அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, புத்தி கலங்கிவிட்டது என்று எனக்குத் திருநீறு போட்டார்கள். ஆத்தாவுக்கோ, புருசன் செத்ததுக்குச் சிரிச்சவ என்ற பேர் நிலைத்துவிட்டது. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு என் கல்யாணத்துக்குக்கூட அத்தை வரவில்லை.

நான் விடவில்லை. போகிற இடமெல்லாம் காளான் கதையைச் சொன்னேன். ஒரு காதுகுத்து வீட்டில் சண்டையே போட்டுவிட்டு வண்டியில் திரும்பும்போது ஆத்தா வாயைத் திறந்தாள்.

"போதும்யா. காளான் காளான்னு சொல்லிக்கிட்டுத் திரியாத. அன்னைக்கு உங்கய்யா வந்திருந்தாரு. உங்கத்தைக்குப் பின்னாடி நின்னு, அவ அழுகுற மாதிரியே வாயக் கோணிக் காமிச்சாரு. சிரிக்காம நான் என்ன செய்ய? ஊரு எம்புட்டு வேணாலும் பேசட்டும். எனக்கு வலிக்கல. நீ அவரக் காளான்னு சொல்றதுதான் வலிக்குது."

கண்டதைத் தின்னக் கொடுத்ததுதான் என் குற்றம் என்று நினைத்திருந்தேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, ஊர் ஊராகப் போய் அவளுடைய கடைசிச் சந்தோஷத்தைப் பொய் என்று சொல்லியிருக்கிறேன்.

சில வருசம் கழித்து அத்தை இறந்தாள். ஆத்தா போய் அந்த வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்டு மனசார அழுதாள். "இப்ப அழத் தெரியுதோ?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. எனக்குக் காளான் கதை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆத்தா நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள், அவளை அல்ல. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.