கோழிக்கு இஞ்ச் டேப்

நிட்டிங் கம்பெனியில் கரண்ட் போன நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள். துணி எப்போது ஓடி முடியும் என்று கேட்டு வர எங்கள் பனியன் கம்பெனியிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். படிப்பு முடித்து, ஆர்டர்களைத் துரத்தும் மெர்ச்சண்டைசிங் வேலையில் சேர்ந்த புதிது. போ என்றால் ஓடுவேன். போக வேண்டாம் என்றாலும் பாதி தூரம் ஓடியிருப்பேன்.

மெஷின்கள் நின்றுவிட்டதால் ஆபரேட்டர் பூஜைப் பொரியை ஒரு காகிதத்தில் கொட்டிக் கொடுத்தார். கை தவறிப் பாதிப் பொரி பக்கத்தில் நின்ற வெறும் பிளாஸ்டிக் கோன் மேல் விழுந்தது. நூல் தீர்ந்த கோன். பொரி அதன் உச்சியில் பட்டு, எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சரிந்து, அடியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, பொரி வேண்டாங்களா?"

"வேணுங்க. இந்தக் கோனும் வேணுங்க."

காரணம் வீட்டில் இருந்தது. மங்கலம் ரோட்டில் எங்களுடையது வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு, வாடகைக்கு. அம்மா நாலு கோழி வளர்த்தார். அடுத்த வீட்டு அக்கா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். வீட்டிலேயே உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டிக் கொடுப்பார். எங்கள் கோழிகளுக்கு அவருடைய வெள்ளை பண்டல்கள்தான் நடைபாதை. ஈரக்காலோடு அவை நடந்த ஒரு பண்டல் கம்பெனியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. அக்கா அத்தனையையும் துவைத்துத் தேய்த்துக் கொடுத்தார்.

"பீசுல பிரிண்ட் போட கம்பெனிக்காரன் காசு கேக்கான். உங்க கோழி சும்மாவே போட்டுத் தருதுலா, பிள்ள" என்றார் என்னிடம்.

அக்கா சிரித்துக்கொண்டு சொன்னதை வீட்டுக்கார அம்மா சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமைக்குள்ள கோழிய அடைச்சு வெச்சுப்போடுங்க. இல்லாட்டிக் கொழம்பு வெச்சுப்போடுங்க. எனக்கு ரெண்டும் சம்மதந்தானுங்க."

உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அம்மா பாலைப் பொங்கவிட்டு நான் பார்த்ததில்லை. அப்பாவும் நானும் வேலைக்குக் கிளம்பிய பிறகு நாள் முழுக்க அவர் பேசுவது அந்த நாலிடமும்தான். எங்களிடம் பேசுவதைவிட மரியாதையாகவும் பேசுவார்.

அதே நாளில்தான் பொரி சிந்தியது. சாயங்காலம் கோனோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா வேறொரு கம்பெனியில் நிட்டிங் ஃபிட்டர். அவரிடம், "அப்பா, ஒரு பீடர் செய்யப்போறனுங்க" என்றேன். அவர்கள் தொழிலில் பீடர் என்றால் ஊசிக்கு நூல் கொடுக்கும் சாமான்; டயா என்றால் மெஷினின் விட்டம்.

"எத்தன டயா மெசினுக்கு, அம்மிணி?"

"கோழிக்குங்க."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்பச் சின்ன டயாதான்."

பழைய பெயிண்ட் பக்கெட் ஒன்றின் அடியோரத்தில் சுற்றிலும் ஓட்டை போட்டேன். உள்ளே நடுவில் கோனை நிறுத்தி ஒட்டினேன். பக்கெட்டை அகலமான தட்டில் வைத்து உடைத்த சோளத்தைக் கொட்டினால், கோனில் சரிந்து ஓட்டை வழியாகத் தட்டில் இறங்கியது. கோழி தின்னத் தின்ன மேலும் இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோழிகளோ தட்டில் ஏறிக் காலால் கிளறித் திக்குத் திசையெல்லாம் இறைத்தன. செங்கல் அடுக்கி அவற்றின் முதுகு உயரத்துக்குத் தட்டைத் தூக்கினேன், கிளறல் நின்றது. அடுத்து மூடிமேல் ஏறி உட்கார்ந்து அசிங்கம் செய்தன. மூடியில் இன்னொரு கோனை ஒட்டினேன். ஏறப்போன கறுப்புக் கோழி சறுக்கி இறங்கி, யாரும் பார்க்கவில்லை என்பதுபோல நடந்து போனது.

இனிமேல்தான் கூண்டு. எனக்கு எல்லாமே கம்பெனி முறைப்படி நடக்க வேண்டும். ஆர்டர் கொடுக்கிறவர்களைச் சொல்வதுபோலக் கோழிகளுக்கு 'பையர்' என்று பெயர் வைத்தேன். கூண்டு அவர்கள் ஓகே செய்ய வேண்டிய சாம்பிள். சாம்பிளுக்கு முதலில் அளவு வேண்டும்.

"அம்மா, அந்தச் செவலைய சித்த புடிங்க. செஸ்ட் எடுக்கோணும்."

"எதுக்குக் கண்ணு, ஜாக்கெட்டா தெக்கப்போற?" என்று கேட்டாலும் அம்மா பிடித்துக்கொண்டார். இருப்பதில் பெரிய கோழி அது. இறக்கையை அழுத்தி, இஞ்ச் டேப்பை இறுக்கிச் சுற்றினேன். பனியனுக்கு அப்படித்தான் எடுப்போம்.

மெஷின் வந்திறங்கிய பெட்டியின் பலகைகளை அப்பா கொண்டுவந்தார். எச்சம் கீழே விழக் கம்பி வலைத் தரை, வலைக்கு அடியில் இழுத்துக் கழுவத் தகரம், குறுக்கே உட்காரக் கட்டை, மேலே சாய்வுக் கூரை. முட்டை இட பனியன் வேஸ்ட்டை மெத்தையாகப் போட்டேன். கறுப்பின் காலில் நூல் சுற்றிக்கொண்டு அது நொண்டி வரவும், அதை எடுத்துவிட்டுத் தேங்காய் மட்டை மஞ்சி போட்டேன். கடைசியாக முன்பலகை போட்டு, வாசலைக் கழுத்து வெட்டுவதுபோல வட்டமாக, டேப் சொன்ன அளவுக்கு மயிரிழை பிசகாமல் அறுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது வீட்டுக்கார அம்மா பார்க்க வந்தார். அக்காவும் பண்டலைக் கட்டிக்கொண்டே தன் வாசலிலிருந்து பார்த்தார். அம்மா கோழிகளைக் கூண்டுப் பக்கம் ஓட்டினார்.

செவலை தலையை நுழைத்தது. கழுத்தும் போனது. இறக்கை இடித்தது. பின்னுக்கு வந்து என்னை ஒருமுறை பார்த்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதாகக் கறுப்பு, தலையைக்கூட விடவில்லை. குட்டையான சாம்பல் கோழி மட்டும் உள்ளே போய்க் கட்டையில் உட்கார்ந்துகொண்டது.

"எஸ் சைஸ் மட்டும் ஓகே ஆயிருக்குது கண்ணு" என்றார் அம்மா. "மித்த மூணு பையரும் ரிஜெக்ட் பண்ணீட்டாங்க." கேலிதான். ஆனால் கண் வீட்டுக்கார அம்மா மேலேயே இருந்தது.

அப்பா குனிந்து வாசலைப் பார்த்தார். "அம்மிணி, நீ கோழிக்கு ஊடு கட்டுல. பனியன் தெச்சிருக்கற. பலகை இழுத்தா வருமா?"

பனியன் துணி உடம்போடு நீளும் என்பதால் இறுக்கமாக அளந்து பழகிய கை. பலகை நீளாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று கோழிகளும் வழக்கமான நடைபாதைக்குத் திரும்பின. அக்கா பண்டலை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு, "வாங்கம்மா, செக்கிங்குக்கு வந்திகளா?" என்றார். வீட்டுக்கார அம்மா எங்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

நான் அப்பாவின் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வாசல் இருந்த பலகையை முழுதாகவே கழற்றினேன். பீடரைத் தூக்கி உள்ளே வைத்துக் குலுக்கினேன். சோளம் கோனில் சரியும் சத்தம் கேட்டதும் மூன்றும் ஓடி வந்து, வரிசை தப்பாமல் உள்ளே போயின. அம்மா சட்டென்று தன் முதுகை அந்த இடைவெளிக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார்.

"போயிருச்சுங்க" என்றார் வீட்டுக்கார அம்மா. "கதவு எங்கீங்க?"

"நாந்தானுங்க" என்றார் அம்மா.

வீட்டுக்கார அம்மாவின் வாய் கொஞ்சம் கோணியது. அதற்குள் அக்கா குறுக்கே வந்தார். "பரவால்லம்மா. இந்த வாரம் நான் பீச கட்டில் மேல வச்சிக்கிடுதேன். பிள்ள செய்யட்டும்."

"அப்ப அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்குந்தானுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கார அம்மா போனார். அம்மாவுக்குப் பதில் ஒரு சாக்கையும் இரண்டு செங்கலையும் கதவாக வைத்தோம். அம்மா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, உள்ளே இருந்தவர்களிடம், "தூங்குங்க, காலையில பாக்கலாம்" என்றார்.

நான் புதுப் பலகையில் பென்சிலை வைத்தேன். இம்முறை சதுர வாசல்; மேலே தூக்கி இறக்கும் கதவு; அக்கா வீட்டுப் பக்கம் ஒரு சின்ன மூடி, முட்டையை அவரே எடுத்துக்கொள்ளலாம். அளவுக்கு இஞ்ச் டேப்பைச் சுற்றப்போவதில்லை. காலையில் செவலை மண்ணில் புரண்டு எழுந்து, இறகெல்லாம் சிலிர்த்து, இருப்பதிலேயே குண்டாக நிற்கும். அப்போது அதன் பின்னால் பலகையைப் பிடித்து, இரண்டு பக்கமும் கோடு போட வேண்டும். அதுவரை அது நகராமல் இருக்க வேண்டும்.