தம்பானூரில் ஒரு கங்கா ஸ்நானம்

"ரயில்ல வரவனெல்லாம் எதையாவது கொண்டுவந்து எம்மேல ஈஷிட்டுப் போறான்!"

தம்பானூர் ஸ்டேஷனில் காப்பிக்கடை வைத்திருந்த பிச்சுமணி வாயைத் திறந்தால் முதலில் வருவது இதுதான். மூக்கைச் சுருக்கி, மேலுதட்டை ஏற்றி, 'ஈஷி'யில் இருக்கிற அந்த ஈயை எஞ்சின் ஊதுகிற மாதிரி இழுப்பார். போர்ட்டர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருத்தனுக்கும் அந்த ஈ வரவில்லை.

பொய் என்றும் சொல்ல முடியாது. வெற்றிலைச் சாற்றைத் துப்புகிறவன் அவர் கடைக் காலைத் தேடி வந்து துப்பினான். விழிஞ்ஞத்துக் கருவாட்டுக் கட்டு பார்சல் பெட்டிக்குப் போகிற வழியில் அவர் பால் பாத்திரத்தை உரசிக்கொண்டுதான் போயிற்று. "ஒரு நிமிஷம் பிடிச்சுக்கோங்கோ" என்று ஓர் அம்மாள் கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் திரும்புவதற்குள் குழந்தை குடித்ததையெல்லாம் அவர் தோளில் இறக்கி வைத்துவிட்டது. மீசைக்காரர்கள் குடித்த டம்ளரை இரண்டு விரலால் தூக்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கொதிநீரில் போடுவார். "மீசையாடா அது? அரைக் காப்பி அதுலயே நிக்கறது. வீட்டுக்குப் போய்ப் பிழிஞ்சு குடிப்பானாயிருக்கும்!"

இவ்வளவு அருவருப்பை வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் ஏன் கடை போட்டார் என்றால், வேறு வழியில்லை. பள்ளிக்கூடத்தில் மலையாளம் ஏறவில்லை, வீட்டில் மந்திரம் ஏறவில்லை. டிகாக்ஷன் மட்டும் கைக்கு வந்தது.

அவர் மேல் ஈஷியவர்களில் முதல் இடம் வெளியாளுக்கு இல்லை. அக்கா சீதாலக்ஷ்மியின் புருஷர், அத்திம்பேர் நாகேஸ்வரனுக்குத்தான். அஞ்சலாபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தீபாவளியன்று மாற்றலாகிப் போகிற வழியில் கொல்லம் ஸ்டேஷன் பெஞ்சில் தனியாக மாட்டிக்கொண்டாராம்.

"கங்கா ஸ்நானம் ஆச்சான்னு கேக்க ஒரு நாதி இல்லைடா பிச்சு! ஒரு நாய் வந்து மோந்து பாத்துட்டுப் போச்சு. அது கூடக் கேக்கலை."

தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் அப்படித்தான் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்தில் அன்று வாசலுக்கு வாசல் அதே கேள்விதான். அத்திம்பேருக்கு அது போதவில்லை. வருஷா வருஷம் தீபாவளிக் காலையில் எண்ணெய்க் கிண்ணமும் தீபாவளி மருந்துமாகப் பிளாட்பாரத்துக்கு வந்துவிடுவார். ரயிலில் இறங்குகிற முன்பின் தெரியாதவன் உச்சந்தலையில் ஒரு சொட்டு எண்ணெய், உள்ளங்கையில் கறுப்பாக ஓர் உருண்டை மருந்து, "கங்கா ஸ்நானம் ஆச்சா?"

பிச்சுமணி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். எவன் தலையிலோ வைத்த விரல். அதே விரலால் மருந்தை உருட்டுவார். அதே விரலால் "பிச்சு, ஆ காட்டு" என்று இவர் வாயிலும் திணிப்பார். பல்லில் ஒட்டிக்கொண்ட அந்த லேகியத்தைச் சாயங்காலம் வரை நாக்கால் துழாவிக்கொண்டு திட்டுவார். நேருக்கு நேராகத் திட்ட முடியுமா? அக்கா புருஷர்.

அந்த வருஷம் திட்டாமல் கெஞ்சினார். கடைக் குத்தகை அந்த மாசத்தோடு முடிகிறது. மேலே நீட்டுவதா வேண்டாமா என்று பார்க்கப் புது இன்ஸ்பெக்டர் தீபாவளியன்று காலை வண்டியிலேயே வருகிறார். வேலாயுதன் பிள்ளை என்று பேர். அவர் தலையை ஆட்டினால்தான் கடை.

"அத்திம்பேரே, இந்தத் தடவை மட்டும் வராதேங்கோ. கடை போச்சுன்னா நானும் எம் பொண்டாட்டியும் உங்க ஆத்துக்குத்தான் சாப்பிட வரணும்."

"உன் கடை கிட்டவே வரலைடா. அதோ அந்தக் கோடியில நின்னுக்கறேன். போறுமோ?"

கோடியில்தான் முதல் வகுப்புப் பெட்டி வந்து நிற்கும். அத்திம்பேர் ஆயுளில் முதல் வகுப்பில் போனவரில்லை. அது அவருக்குத் தெரியாது.

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வண்டி வந்து நின்றது. கரிப்புகை படிந்த முகமும் வெள்ளைக் கோட்டுமாக வேலாயுதன் பிள்ளை இறங்கினார். தரையில் கால் படுவதற்குள் தலையில் எண்ணெய் விழுந்தது.

"கங்கா ஸ்நானம் ஆச்சா?"

"எந்து?"

ஐயோ பாவம், மலையாளி, புரியவில்லை என்று அத்திம்பேர் மனமிரங்கினார். எல்லாருக்கும் விளங்குகிற மாதிரி, கணீரென்று, மலையாளத்தில் பெயர்த்துக் கொடுத்தார்:

"குளிச்சோ? ஸாரு குளிச்சோ?"

விடிந்தால் ஒரு குளி, அஸ்தமித்தால் ஒரு குளி என்று இருக்கிற ஊர். அங்கே போய், முகமெல்லாம் கரியாக நிற்கிற உத்தியோகஸ்தரை, நாலு பேர் நடுவில் இப்படிக் கேட்டால்? போர்ட்டர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தன் "குளிச்சில்லா!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து பதிலும் சொன்னான். எண்ணெய் நெற்றியில் இறங்கி, கரியைக் கூட்டிக்கொண்டு, வெள்ளைக் கோட்டில் சொட்டியது.

பிச்சுமணி கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். அதற்குள், கிழவர் காப்பிக்கடைக்காரருக்கு வேண்டியவர் என்று யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

"ஈ பட்டர் தன்டெ ஆளாணோ?" என்று உறுமினார் வேலாயுதன் பிள்ளை. "அறியில்லெங்கில் பறஞ்ஞோ. இயாளெ போலீஸில் ஏல்பிக்காம். தன்டெ கட அவிடெத்தன்னெ நில்க்கும்."

இந்த ஐயர் உன் ஆளா என்கிறார்; தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிழவர் போலீசுக்கு, கடை பிச்சுமணிக்கு. அந்த வார்த்தை பிச்சுமணியின் நுனி நாக்கு வரை வந்தேவிட்டது.

அத்திம்பேர் முந்திக்கொண்டார். "நான் யாரோ, இவர் யாரோ ஸார். ஒரு பரிசயமும் இல்லை." சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். அது நிஜமாகத் தோன்ற வேண்டுமே என்று பிச்சுமணி பக்கம் திரும்பி, தூக்கி வளர்த்த மச்சினனை முதல் முறையாக மரியாதை போட்டுக் கேட்டார்: "உமக்குக் கங்கா ஸ்நானம் ஆச்சா ஓய்?"

கருவாடு, எச்சில், குழந்தை கக்கியது எதற்கும் பிச்சுமணிக்கு இப்படி வாயில் கசந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து வேலாயுதன் பிள்ளை தலையைத் தடவி, கையில் வந்த எண்ணெயையும் கரியையும், அத்திம்பேர் தோளிலிருந்த மஞ்சள் தடவிய புது அங்கவஸ்திரத்தில் நிதானமாக, விரல் விரலாகத் துடைத்தார். அத்திம்பேர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிச்சுமணி மூக்கைச் சுருக்கினார். மேலுதடு ஏறியது. அந்தப் பிளாட்பாரம் அவர் குரலைக் கேட்டது அதுதான் கடைசி:

"இந்தா ஓய், இவர் எங்க அத்திம்பேர், அக்கா ஆத்துக்காரர், தலை தீபாவளிக்கு வந்தப்போ எனக்கு எண்ணெய் தேச்சு விட்டவர். ரயில்ல வரவனெல்லாம் எம்மேல ஈஷிட்டுப் போனான், தொடச்சுண்டு காப்பி போட்டேன். நீர் இவர் மேல ஈஷறீர், அதைப் பாத்துண்டு உமக்குக் காப்பி கலக்க என் கை வராது, கடையை நீரே வெச்சுண்டு நீரே ஊத்திக் குடியும். ஆனா பெரியவர் ஒண்ணு கேட்டார், அதுக்கு இன்னும் பதில் வரலை. அவருக்குப் பாஷை போறலைன்னு நெனச்சுண்டு சும்மா இருக்காதேயும், நான் தெரிஞ்சே கேக்கறேன்: ஸாரு குளிச்சோ?"