அத்திமரத்துக்குச் சேலை கட்டிய தாயாரம்மாள்

தாயாரம்மாளுக்குக் கோபம் வந்தால் மலைக்கோயில் மணிகூடக் காதில் விழாது. அந்த வைகாசிக் கடைசியில் அவளுடைய கோபமெல்லாம் அத்திமரத்தின் மேல். திருத்தணி மலையடிவாரத்தில் அவர்களுக்கு ஒரு மாந்தோப்பு. அதன் ஓரத்தில், கிணற்றை ஒட்டி, அடிமரத்திலிருந்தே கொத்துக்கொத்தாகக் காய்த்துத் தள்ளும் அத்தி. அதைத் தின்னக் குரங்கு வரும், கிளி வரும், அணில் வரும், வராத ஜென்மம் கிடையாது. வந்ததுகள் போகிறபோக்கில் மாங்காயிலும் ரெண்டு கடி கடித்துவிட்டுப் போகும்.

மற்ற வருஷமென்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். இந்த வருஷம் ஆவணியில் மகள் கயல்விழிக்குக் கல்யாணம். மாங்காய் நல்லபடியாக இறங்கினால்தான் பந்தல் போட முடியும். வேறு வழியே இல்லை.

"அதுங்களக் கூட்டியாரதே இந்த மரந்தான் பாவா. இத்த மூடிட்டா ஒண்ணும் இந்தப் பக்கம் தலவெச்சுப் படுக்காது" என்றாள் கணவன் கஜபதியிடம்.

"மரத்த எப்டிமே மூடுவ?"

காட்டுப்பன்றிக்குப் பயந்து வேர்க்கடலைக் கொல்லையைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவது அங்கே வழக்கம். அதே வித்தையைத் தாயாரம்மாள் மரத்துக்குச் செய்தாள். வீட்டுக் கிழிசல், அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய நைந்த சேலை எல்லாவற்றையும் அடிமரத்திலும் கிளை கிளையாகவும் சுற்றி, நடுநடுவே காலி டப்பாக்களைத் தொங்கவிட்டாள். காற்றடித்தால் மரம் படபடவென்று அடித்துக்கொண்டது.

"இத்தினி சேல நான் ஒனக்கே எடுத்துக் குடுத்ததில்லியே!" என்று சிரித்தான் கஜபதி.

வித்தை பலித்தது. அத்திப்பக்கம் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் வயிறு சும்மா இருக்குமா? மறுநாளே மொத்தக் கூட்டமும் மாந்தோப்புக்குள் இறங்கிவிட்டது. போகிறபோக்கில் கடித்தவை இப்போது உட்கார்ந்து தின்றன. பிஞ்சென்றும் காயென்றும் பார்க்காமல் கடித்துக் கடித்து எறிந்தன. தாயாரம்மாள் தகரம் தட்டினாள், கத்தினாள், தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு மரத்தில் விரட்டினால் அடுத்த மரத்தில் நின்று பல்லைக் காட்டின. சாயங்காலம் தரையெல்லாம் கடிபட்ட காய்கள் கிடந்தன.

"அத்தி இருந்த வரைக்கும் அதுங்க வயிறு அங்கியே ரொம்பிச்சி. நாமதான் அத்தக் கெடுத்துட்டோம்" என்றான் கஜபதி. தாயாரம்மாளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

விடிந்ததும் விடியாததுமாகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரத்தில் ஏறினாள். டப்பாக்களை அறுத்துப் போட்டாள், கட்டியதையெல்லாம் உருவி எறிந்தாள். மேல்கிளையில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் சுற்றிலும் பார்த்தாள். தலை போன பனைமரத்துப் பொந்திலிருந்து கிளிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னிக்கொண்டிருந்தன. வேம்பில் மைனாக்கள் பழத்தைத் தின்று கொட்டையைத் துப்பின. புளியமரத்தில் குரங்குக் குட்டி ஒன்று கண்ணைக் கசக்கிக்கொண்டே கொழுந்தை மென்றது. அடேயப்பா! வாழ்க்கைப்பட்டு வந்த நாளாய்ப் பார்க்கிற தோப்பு. இதில் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

கையருகே ஒரு அத்திப்பழத்தைப் பிட்டாள். உள்ளேயிருந்து கடுகைவிடச் சின்னப் பூச்சிகள் எழுந்து பறந்தன. பழத்துக்குள்ளேயும் ஒரு குடும்பமா! உடம்பு சிலிர்த்துப்போய், "முருகா" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

முதலில் பச்சைப்புறாக்கள் வந்து இறங்கின. பிறகு மாமரங்களிலிருந்து குரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அத்திக்குத் தாவின. குட்டியை வயிற்றோடு சுமந்த தாய்க்குரங்கு ஒன்று, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தது. கீழே சிந்தியதைப் பொறுக்க மயில் வந்தது. தாயாரம்மாள் அசையவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அந்தப் பக்கம், மிச்சமிருந்த காய்களோடு மாமரங்கள் ஆளரவமின்றி நின்றன.

தேடிக்கொண்டு வந்த கஜபதி கீழிருந்து கூப்பிட்டான். "இன்னாமே, மேலயே குடியிருக்கப் போறியா? எறங்கு!"

தாயாரம்மாள் உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாத பாவா. பந்தி நடந்துகினு கீது. பொண்ணப் பெத்தவ நான், பாதியில எப்டி எழுந்து வருவேன்?"