பச்சைத் திரை

அப்பா அம்மா போனபின் சின்னவள் வளர்ந்தது அக்கா வீட்டில். தன் அலுவலகத்திலேயே வேலை வாங்கிக் கொடுத்தவரும் அக்காவின் கணவர்தான். இரண்டையும் அவர் மறந்ததில்லை, அவளை மறக்க விட்டதுமில்லை.

எங்கோ இருக்கும் வாடகைக் கணினிகளை, இங்கே உட்கார்ந்து கட்டளை தட்டி உருவாக்குவதும் அழிப்பதும் அவள் வேலை. பொத்தானும் படமும் கிடையாது, எழுத்து மட்டும்தான். பச்சைத் திரையில் தட்டினால் பரிசோதனைக் கணினிகள், சிவப்பில் தட்டினால் வாடிக்கையாளர்களின் அசல் கணினிகள். சிவப்பைத் தொடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பச்சையில் என்ன பயம்? வீட்டுக்குக் கிளம்புமுன், வீண் வாடகை ஏறாமலிருக்க, 'எல்லாவற்றையும் அழி, கேள்வி கேட்காதே' என்று ஒரே வரி. அந்த வாரத்தை ஒழுங்காகத் தாண்டினால் வேலை நிரந்தரம்.

அத்தானுக்கு மச்சினியைச் சீண்டாமல் பொழுது போகாது. அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் இரண்டு திரைகளின் நிறத்தையும் மாற்றி வைத்தார். திரும்பி வந்து திருதிருவென விழிப்பாள், சிரிக்கலாம் என்று கணக்கு. அதற்குள் மேலாளர் கூப்பிட்டார், போனார், பாவி மனுஷன் மறந்தும் போனார். விளையாட்டு வினையாகும் என்பார்கள். யாருக்கு வினை என்று மட்டும் சொல்வதில்லை.

அவள் பச்சையில் வழக்கமான வரியைத் தட்டிவிட்டுக் கிளம்பினாள். அவள் வீடு போய்ச் சேருமுன் ஊரெல்லாம் அந்த அசல் கணினிகளை நம்பிய பல கடைகளில் விற்பனை நின்றிருந்தது.

மறுநாள் விசாரணை. கட்டளைப் பதிவில் அவள் பெயர்தான் இருந்தது.

"யாரோ கலரை மாத்தியிருக்காங்க சார்."

மேலாளர் அத்தானைப் பார்த்தார்.

"அவசரக்காரி சார். வீட்லயும் இப்படித்தான்" என்று அத்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். அடையாள அட்டையை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

லிஃப்டில் இருவரும் தனியாக இருந்தபோது அத்தான் முணுமுணுத்தார். "வெளையாட்டுக்குத்தாம்மா மாத்தினேன். நீ திரையில இருக்கற கணினிப் பேரைப் பாத்துட்டுத் தட்டியிருக்க வேண்டாமா?"

அக்காவிடம் சொல்லி அழவேண்டும் என்றே வீட்டுக்கு ஓடினாள். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும். நேத்து ராத்திரியே சொல்லிட்டாரு."

"அப்ப நீ அங்க வந்து சொல்லுக்கா."

"ஒன் வேலை போச்சு. அவரு வேலையும் போகணுமா? நாம மூணு பேரும் எங்க போய் நிக்கறது?" கத்தி நிற்கவேயில்லை. "காலையிலேர்ந்து அவரு ஒண்ணும் சாப்பிடல. வந்ததும் கோவமில்லைன்னு நீயே போய்க் கூப்பிடு."

அவள் வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டினாள். ஆனால் அன்று இரவு படுக்க அவளுக்கு வேறு இடமில்லை. அவர் வந்து கூடத்தில் உட்கார்ந்ததும் போனாள்.

"சாப்பிட வாங்க அத்தான்."

அவர் தலை தூக்கி அவள் முகத்தைப் படித்தார். இனி பயமில்லை என்று தெரிந்ததும் பழைய சிரிப்பு வந்தது.

"எந்தத் தட்டுல? பச்சையா, செவப்பா?"

உள்ளேயிருந்து முதலில் சிரித்தது அக்காதான்.