ஒன்பதாவது தேவை

மதிப்பெண் போடுவதில் நான் கறார். வில்லியனூர் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். "அந்தாளுகிட்ட மாட்னா அவ்ளோதான்டி" என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது என் காதில் விழாமல் இல்லை. வீட்டிலும் அதே பேச்சுதான். "சாம்பாருக்கும் மார்க் போடுறீங்களே, ரிசல்ட்ட எந்தச் செவுத்துல ஒட்டுவீங்க?" என்று கேட்பாள் என் மனைவி.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு வெளியில் யாரையாவது வாடிக்கையாளராகப் பிடிக்க வேண்டும். தனக்கு என்னென்ன வேண்டும் என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மாணவர்கள் செய்து முடித்ததை அந்தத் தாளோடு வரி வரியாக ஒத்துப் பார்ப்பது என் வேலை. வாடிக்கையாளரையே கேட்டால் போதாதா என்றால், போதாது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு முகத்துக்கு நேரே குறை சொல்ல வராது. திரையில் பொம்மை அசையவே இல்லை என்றாலும் "சூப்பரா இருக்குதுபா" என்று எல்லா வரியிலும் டிக் போட்டு, காபியும் கொடுத்து அனுப்புவார்கள். "பொண்ணுங்க வூடு தேடி வந்து கேக்குதுங்க, நல்லா இல்லன்னா சொல்றது?" என்று ஒரு உரக்கடைக்காரர் என்னிடமே கேட்டிருக்கிறார்.

அந்த வருடம் இரண்டு பெண்களுக்கு வாடிக்கையாளர் கிடைக்கவில்லை. ஒருத்தி அரியாங்குப்பம், இன்னொருத்தி ஏம்பலம். கேம் செய்கிறோம் என்றால் எந்தக் கடைக்காரர் நின்று பேசுவார்? கடைசியில் ஏம்பலத்துப் பெண், தனக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்த டீச்சரிடம் போய் நின்றாள். அந்த டீச்சர்தான் என் மனைவி.

கூட்டல் கணக்குக்கு ஒரு விளையாட்டு வேண்டும் என்று கோடு போட்ட தாளில் பத்துத் தேவைகள் எழுதினாள். நான் எட்டிப் பார்த்தபோது தாளைக் கவிழ்த்துவிட்டாள். "பரிட்சை வெக்கிறவரு கொஸ்டின் பேப்பரப் பாக்கலாமா? போங்க அந்தாண்ட."

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்தப் பெண்கள் மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சோதனைக்கு ஏதாவது ஒரு குரல் வேண்டுமாம். என் மனைவி சமையலறையிலேயே நின்று அவர்கள் போனில் பேசிப் பதிவு செய்து கொடுத்தாள். நான் வண்டிச் சாவியைக் காணாமல் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பங்குனியில் மதிப்பீடு. "இந்த ஒண்ண வேற யாராவது பாக்கட்டுமே சார்" என்றார் துறைத் தலைவர். மாட்டேன் என்றேன். அவள் கையெழுத்து இருக்கும் தாளை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

முதல் வரியே அவள்தான். 'ஆப்பிள் படம் வேண்டாம். எங்கள் பிள்ளைகள் எண்ணிப் பழகியது கரும்புக் கட்டு.' திரையில் ஒரு டிராக்டர் நின்றது. மூன்று கட்டும் நான்கு கட்டும் ஏற்றினால் எத்தனை என்று கேட்டது. ஏழு என்று அழுத்தினேன். டிராக்டர் குலுங்கிக்கொண்டு ஆலைக்குப் புறப்பட்டது. டிக் போட்டேன். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், இருந்தது. தப்பு விடைக்குச் சிவப்புப் பெருக்கல் குறி வரக் கூடாது. அதைப் பார்ப்பதற்காக வேண்டுமென்றே எட்டு என்று அழுத்தினேன்.

"பரவால்ல கண்ணு. இன்னொரு தபா பாக்கலாமா?"

அவள் குரல். பின்னால் குக்கர் விசில். அதற்கும் பின்னால், அடுத்த அறையிலிருந்து என் கத்தல்: "சாவிய எங்க வெச்சித் தொலைச்ச?"

பெண்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மறுபடி எட்டு என்று அழுத்தினேன். பிறகு ஒன்பது. பிறகு இரண்டு. எந்தச் சோதனைக்கும் அத்தனை தப்பு தேவையில்லை என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

ஒருவழியாகத் தாளுக்குத் திரும்பினேன். ஒன்பதாவது தேவை: 'குரல் டீச்சர் குரலாக இருக்கக் கூடாது. பிள்ளைகள் நாள் முழுக்க எங்கள் குரலைத்தான் கேட்கிறார்கள், விளையாட்டிலுமா? அவர்களில் ஒரு பிள்ளையே பேசட்டும்.'

"ஒம்பதாவது என்னம்மா ஆச்சு?"

"ஒரு பாப்பா வாய்ஸ் எடுத்து வெச்சிருக்கோம் சார்" என்றாள் ஏம்பலத்துப் பெண். "மாத்த மனசு வரல. டீச்சர் வாய்ஸ் போயிடுமே. நீங்களும் அதக் கேக்கலாமேன்னுதான்..."

யாருக்கும் கருணை மார்க் போடாதவனுக்கு அவர்கள் போட்டிருந்தார்கள். டிக் போட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! போட்டால் வருடா வருடம் ஏம்பலத்துப் பிள்ளைகள் அவள் குரலைக் கேட்டுக் கணக்குப் போடும். ஆட்சேபிக்க வாடிக்கையாளரும் இல்லை. ஆனால், மனதில் உள்ளதை ஒளிக்காமல் எழுதிய ஒரே வாடிக்கையாளர் அவள். அவள் இல்லை என்பதற்காக அவள் சொன்னதை நான் அழிப்பதா?

'நிறைவேறவில்லை. ஒரு வாரத்தில் மாற்றவும்' என்று எழுதினேன். அந்தப் பெண் அழுதுவிட்டாள். நான் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன்.

மாற்றினார்கள், தேறினார்கள். பள்ளியில் அதை ஓட்டிக் காட்டிய அன்று நானும் போயிருந்தேன். முதல் தப்புக்கு, மூக்கடைத்த ஒரு குட்டிக் குரல் "பரவால்ல, இன்னொரு தபா பாக்கலாமா?" என்றது. "டேய், நம்ம கிளாஸ் பாப்பாடா!" என்று வகுப்பே கத்தியது. அப்புறம் சரியான விடை தெரிந்த பிள்ளைகளும் தப்பாக அழுத்தின. அவள் சொன்னதுதான் சரி. அருகில் நின்று அதைப் பார்க்க அவள் இல்லையே என்று இருந்தது.

திருத்துவதற்கு முன், திருத்திய பின் என்று இரண்டையும் மதிப்பிடுபவர் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. விதி இல்லாவிட்டாலும் வைத்திருப்பேன். கல்லூரியிலிருந்து வந்ததும் சில நாட்கள் பழையதைத் திறக்கிறேன். சரியாகச் சொன்னால் டிராக்டர் பேசாமல் போய்விடும்.

ஏழு கட்டும் ஐந்து கட்டும் எத்தனை என்று கேட்கிறது. பதினொன்று என்று அழுத்துகிறேன்.