இரும்பில்லா அறைக்கு வெளியே டைரக்டர் பிச்சமுத்து

சூரியன் சீறினால் பூமியில் காந்தமுள் நடுங்கும். நடுப்பகலில் அந்த நடுக்கம் நம் பக்கத்தில் மற்ற ஊர்களைவிடப் பெரிது என்பது பிச்சமுத்துவின் கட்சி. கொள்ளிடக் கரையோர ஆராய்ச்சிக் கூடத்தில் உட்கார்ந்து அதைக் கிட்டத்தட்ட நிரூபித்தும் விட்டார். அந்தக் குற்றத்துக்காக 1958இல் அவரை டைரக்டர் ஆக்கினார்கள்.

முள் இருந்த அறைக்குப் பித்தளை ஆணி, மரத் தாழ்ப்பாள். துளி இரும்பு உள்ளே போனாலும் முள் பொய் சொல்லும். ஆகவே இரும்போடு யாரும் நுழையக் கூடாதென்று பலகை மாட்டியவர் பிச்சமுத்து. நிர்வாகக் குழுவின் விதியோ வேறு: கேட், ஸ்டோர், பெட்டகச் சாவிகள் வேலை நேரத்தில் டைரக்டரின் இடுப்பை விட்டு இறங்கக் கூடாது. அத்தனையும் சுத்த இரும்பு. இரண்டு வருஷமாக மனிதர் அறைக்கு வெளியே வேப்பமரத்தடியோடு சரி.

சூரியனில் பெரிய கொந்தளிப்பு என்று ஒருநாள் தந்தி வந்தது. மறுநாள் உச்சிவேளையில் உதவியாளர் பரக்கத் அலி உள்ளிருந்து கத்தினார்.

"சார், ஆடுது!"

"எவ்வளவுய்யா?"

"நல்லாவே ஆடுதுங்க!"

பிச்சமுத்துவுக்கு அழுகை வராத குறை. புத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி வள்ளிக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போங்களேன்."

"குடுத்தா நீதான் டைரக்டர். எனக்கு வேலை போயிரும்."

"போனா போவுது. உள்ள போங்க."

டைரக்டர் வேலை போனால் பழையபடி முள்ளோடு இருக்கலாமே! சாவிக்கொத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடினார். கண்ணால் பார்த்தார். தான் கணித்ததைவிடப் பெரிய நடுக்கம்.

அந்நேரம் பார்த்துக் குழுத் தலைவர், பாலக்கரை அரிசி ஆலை முதலாளி சின்னையன், காரில் வந்து ஹாரன் அடித்தார். வள்ளிக்கண்ணு கேட்டைத் திறந்து, உட்காரவைத்து, பசியோடு வந்தவருக்குக் கேரியரைப் பிரித்து இலையும் போட்டுவிட்டாள்.

பிச்சமுத்து வெளியே வந்தபோது தலைவர் ரசம் சாதத்தில் இருந்தார்.

"விதிய மீறிட்டேங்க. என்னைப் பழைய வேலைக்கே அனுப்பிடுங்க" என்றார் பிச்சமுத்து, முகமெல்லாம் நம்பிக்கையாக.

"பாத்தியாம்மா, என்ன அடக்கம்!" தலைவர் அப்பளத்தை நொறுக்கினார். "குடும்பமே கூடத்தைக் கட்டிக் காக்குது. இனி ரிட்டயர் ஆகுற வரைக்கும் இவர்தான் டைரக்டர். அடுத்த கூட்டத்துலயே தீர்மானம் போட்டுடறேன். கொஞ்சம் மோர் ஊத்தும்மா."