குடியரசனுக்குத் தேத்தண்ணி

பெயரைக் கேட்டதுமே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"யனுஷன்ரை அப்பாக்கு என்ன பேர் எண்டனீ?"

"குடியரசன், அம்மா."

"அப்பிடியும் ஒரு பேரோ? தண்ணிச்சாமிக்கு வைச்ச பட்டம் மாதிரியெல்லோ கிடக்கு."

என் மகள் அஜந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. யனுஷன் என்ற அந்தப் பெடியனோடு மூன்று வருடமாகப் பழகுகிறாள் என்பதையே அன்றுதான் சொல்லியிருந்தாள். கட்டினால் அவனைத்தானாம். எங்கள் சம்மதத்தோடு கட்டத்தான் ஆசையாம். ஆசை என்றாளே தவிர, சம்மதம் வேண்டும் என்று சொல்லவில்லை. அவள் எனக்கு ஒரே பிள்ளை. ஏறுக்குமாறாக ஒரு வார்த்தை விட்டால் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்ற பயம் அன்றைக்கே வந்துவிட்டது.

ஆனால் சந்தேகம் என்னோடு கூடப்பிறந்தது. லண்டன் மனோர் பார்க் முருகன் கோயிலில் ஐயர் எனக்குத் திருநீறு கொஞ்சம் கூடத் தந்தாலே, ஏன் தந்தார் என்று வீடு வரும்வரை யோசிப்பேன். பெயரைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியுமா? வெம்பிளியில் இருக்கும் என் சிநேகிதி சிவரூபினிக்குப் போன் அடித்தேன். ஊர்க்கதை எதுவும் அவளைத் தாண்டிப் போனதில்லை.

"ஐயோ சந்திரா, அது எழுபத்திரண்டாம் ஆண்டுப் பேரடி! சிலோன் குடியரசான அண்டைக்குப் பிறந்த ஆள். எங்கடை தலைவர்மார் கறுப்புக்கொடி கட்டச் சொல்லி, ஊரே கடையைப் பூட்டிக்கொண்டு இருக்க, தேப்பன்காரன் பிள்ளைக்குக் குடியரசன் எண்டு பேர் வைச்சிருக்கிறான். அரசாங்கத்தின்ரை ஆள் எண்டுதான் கதை."

"பிறகு?"

"பிறகென்ன, மற்ற விசயமும் இருக்கு. அவை எங்கடை பக்கம் இல்லை. இதுக்கு மேலை போனிலை கதைக்கேலாது."

சாதி என்ற சொல்லை லண்டனில் நாங்கள் வாயால் எடுப்பதில்லை. எந்தப் பக்கம் என்று கேட்போம், எந்தக் கோயிலடி என்று கேட்போம், பதில் தெரிந்ததும் வெயிலையும் மழையையும் பற்றிக் கதைப்போம். நானும் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மனுசனிடம் அரசியலை மட்டும் சொன்னேன்.

"துரோகி குடும்பத்திலை என்னெண்டு பிள்ளையைக் குடுக்கிறது?"

என் மனுசன் ஸ்ரீஸ்கந்தராஜா டிவியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "எழுபத்திரண்டிலை அந்தாள் கைக்குழந்தை. என்ன துரோகம் செய்தவராம்? துணியை நனைச்சவரோ?" என்றார்.

இந்த மனிதரோடு எதைக் கதைப்பது! நானே விசாரித்தேன். குடியரசனின் தகப்பன் கூட்டுறவுச் சங்கக்கடையில் மூட்டை சுமந்தவர். குடியரசன் இளந்தாரியாக இருந்தபோது, இயக்கப் பெடியள் அவரைப் பிடித்து, "நீ அரசாங்கத்தின்ரை பிள்ளையோ?" என்று கேட்டு அடித்திருக்கிறார்கள். பிறகு சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்த்து, பெயருக்கு அர்த்தம் கேட்டு, "உனக்குத் தனியா ஒரு நாடோ?" என்று முகாமில் வைத்து அடித்திருக்கிறான். ஒரே பெயருக்கு இரண்டு பக்கமும் அடி. தொண்ணூறுகளில் லண்டன் வந்து, பெற்றோல் நிலையத்தில் நின்று, பிறகு பஸ் ஓட்டப் பழகி, வால்தம்ஸ்டோவில் வீடும் வாங்கிவிட்டார். பிரஜாவுரிமை கிடைத்த அன்று, கவுன்சில் மண்டபத்தில் ராணியின் படத்துக்கு முன்னால் நின்று, குடியரசன் ஆகிய நான் மகாராணிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தாராம். இதைச் சொல்லி அவரே விழுந்து விழுந்து சிரிப்பார் என்றாள் அஜந்தா.

எனக்கு அதுதான் பிடிபடவில்லை. இவ்வளவு அடிபட்டவர் அந்தப் பெயரை ஏன் மாற்றவில்லை? இந்த ஊரில் பெயர் மாற்றுவது என்ன மலையைப் புரட்டுகிற வேலையா? ஆளிடம் ஏதோ இருக்கிறது என்று நினைத்து, ஒருநாள் அவர் ஓட்டும் பஸ்ஸிலேயே ஏறினேன். முன்சீட்டில் இருந்து கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். தள்ளுவண்டியோடு வந்த தாய்க்காகக் காத்து நின்றார். ஓடிவந்த கிழவனுக்குத் திரும்பக் கதவு திறந்தார். இவ்வளவு நல்லவனாக இருக்க ஒரு காரணம் இருக்கவேண்டும் என்று, திரும்பி வரும்போதும் அதே பஸ்ஸில் ஏறினேன். ஒன்றும் அகப்படவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு பின்னேரம் தகப்பனும் மகனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தாய்க்கு வேலை இடத்தில் லீவு கிடைக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். மத்தியானச் சமையல் பாத்திரமெல்லாம் கழுவும் மெஷினுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வெளியில் நாலு கோப்பைதான் இருந்தது. நாங்கள் ஐந்து பேர். யாரோ ஒருவருக்குப் பேப்பர் கப்பில்தானே தேத்தண்ணி கொடுக்கவேண்டும்? பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சின கப் ஒன்றில் ஊற்றிக் குடியரசனிடம் நீட்டினேன். யனுஷனுக்குப் பீங்கான் கோப்பைதான் கொடுத்தேன், அதையும் பார்க்கவேண்டும்.

அவர் கப்பைக் கையில் வாங்கி ஒரு கணம் பார்த்தார். யனுஷன் தன் கோப்பையைத் தகப்பனிடம் நீட்டினான். "வேண்டாமப்பு, நீ குடி" என்று தடுத்துவிட்டார்.

நான் தயாராக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "ஏன் அண்ணை, உங்கடை அப்பர் ஏன் இந்தப் பேரை வைச்சவர்?"

"இதைக் கேட்கத்தானே அக்கா அண்டைக்கு என்ரை பஸ்ஸிலை போகவும் வரவும் ஏறினீங்கள்?" என்று சிரித்தார். என் மனுசன் இருமுவது போலச் சிரிப்பை விழுங்கினார்.

"என்ரை பஸ் போற றோட்டிலை பாரிஸ்டர்மார் படிக்கிற பழைய கட்டிடம் இருக்கெல்லோ? அங்கை விருந்துச் சாப்பாடும் சாப்பிட்டால்தான் படிப்பு முடியுமாம். குடியரசுச் சட்டத்தை எழுதின கொழும்புப் பெரியாக்களிலையும் கனபேர் அங்கை சாப்பிட்டவை. கறுப்புக்கொடி கட்டச் சொன்ன எங்கடை பெரியாக்களிலையும் கனபேர் அங்கை சாப்பிட்டவை. அந்த வழியாலை போகேக்கை எல்லாம் எனக்கு அப்பரைத்தான் நினைவு வரும். ஊர்த் தேத்தண்ணிக் கடையிலை மற்றவைக்குக் கிளாஸ். எங்கடை ஆக்களுக்குச் சோடாப் போத்தல். வெளியிலை நிண்டு குடிக்கவேணும்."

மெஷின் ஓடும் சத்தம் கேட்கட்டும் என்று நான் குசினிக் கதவை அகலத் திறந்துவிட்டேன்.

"சங்கக்கடை றேடியோவிலை, இனி ராணி இல்லை, குடியரசு, எல்லாரும் சமம் எண்டு சொன்னதாம். அப்பர் அதை நம்பிப்போட்டார். 'இண்டைக்குக் கிளாசிலை தா' எண்டு கேட்கப் போனால், கடை பூட்டு. கறுப்புக்கொடி. அடுத்த நாள் திறந்தாங்கள். அப்பர் கேட்டார். போத்தல்தான் வந்தது. வீட்டை வந்து, தொட்டிலிலை கிடந்த என்னைத் தூக்கி, 'குடியரசு அங்கை வராட்டிப் போகட்டும், இஞ்சை வந்திருக்கு' எண்டு இந்தப் பேரை வைச்சாராம். அதை எப்பிடி அக்கா மாத்துறது?"

தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பேப்பர் கப்பைத் தூக்கி அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"அப்பருக்குப் போத்தல், எனக்கு இது. குடியரசு கொஞ்சம் முன்னேறித்தான் இருக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டல்லவா சொன்னார்! எனக்கு உடம்பு கூசிப்போனது.

அஜந்தா என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள். உள்ளே தங்கக்கரை வைத்த கோப்பைகள் ஒரு செட் இருந்தது. எழும்பிக் குசினிக்குள் போய்ப் பேப்பர் கப் ஒன்றை எடுத்துவந்து, தன் தேத்தண்ணியை அதற்குள் ஊற்றினாள்.

"பிள்ளை, எனக்கும் ஒண்டு கொண்டா" என்றார் என் மனுசன்.

கடைசியில் யனுஷனும் மாற்றினான். பீங்கான் கோப்பையோடு நான் மட்டும் இருந்தேன். அவசரமாக எழும்பி அலமாரியைத் திறந்து, தங்கக்கரைக் கோப்பை ஒன்றை எடுத்துக் குடியரசனுக்கு முன்னால் வைத்தேன். "அண்ணை, இதிலை இன்னும் கொஞ்சம் ஊத்தட்டே?" என் குரல் எனக்கே கெஞ்சுவது போல் இருந்தது.

"வேண்டாம் அக்கா. நான் குடிச்சிட்டன்" என்றார்.

அவர்களை ஸ்டேசனில் விட்டுவிட்டு வருகிறேன் என்று அஜந்தாவும் கூடவே போனாள். வந்தவள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மெஷின் உண்மையாகவே ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒருத்தரும் நம்புகிறார்கள் இல்லை. இரவில் படுக்கும்போது சில நேரம் எனக்கே என்மேல் சந்தேகம் வருகிறது.

வைகாசியில் கலியாணம் என்று நேற்று மனுசன் சொன்னார். யார் சொன்னது என்று கேட்டேன். பிள்ளைதான் சொன்னாளாம், அழைப்பிதழும் அடிக்கக் கொடுத்துவிட்டாளாம். எனக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதில் பெண்ணின் தாய் என்று என் பெயர் போட்டிருக்கிறாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.